அறுவைக்கு முன் ஒரு கடிதம்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்றார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் ஆகிய நான்கும் அமையவேண்டும் என்பது அவர் கருத்து. நம் காலத்தில் ஐந்தாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் தாள். நோயாளி ஆயத்தமாக இருக்கிறார். அறுவை மருத்துவரும் ஆயத்தமாக இருக்கிறார். ஆயினும் ஒரு தாளில் ஒரு கையொப்பம் இல்லாமையால் எல்லாம் நின்றுவிடுகிறது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. நம் வளாகத்துத் தமிழ் நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்று, மருத்துவமனை விசுப்பலகையில் உட்கார்ந்து அறிந்தேன். அவர் ஒரு திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவர். ஆணாகவே உணர்ந்து, ஆணாகவே பல ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர். மார்பு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவரை அணுகினார். "மனநல மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், நாள் குறித்துவிடலாம்" என்றார் அவர். எளிய செயல் என்றே எண்ணினோம்.

எட்டு மாதங்களாக நண்பரைப் பார்த்துவந்த மனநல மருத்துவர், "இத்தகைய கடிதங்களை நான் எழுதுவதில்லை" என்றார். இரண்டாமவர், "பெற்றோரை அழைத்து வா" என்றார். நண்பருக்கு வயது இருபத்து நான்கு! மூன்றாமவர், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அவருடைய மனம் நலமாக இல்லை என்று எவரும் சொல்லவில்லை. நலமாக இருக்கிறது என்று எழுதித் தரவும் எவரும் முன்வரவில்லை.

ஏன் இந்தத் தயக்கம்? அந்தக் கடிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கடிதம் வந்த கதை

அறுவைக்கு முன் மனத்தை ஆராய்வது திருநர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. உடற்பருமன் குறைக்கும் அறுவைக்கு முன்பும், உறவினருக்குச் சிறுநீரகம் கொடுப்பவரிடத்தும் இத்தகைய ஆய்வு நடப்பதுண்டு. ஆனால் திருநர்க்கு வேண்டிய கடிதத்துக்குத் தனி வரலாறு உண்டு.

1966இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இச்சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தது. அக்காலத்து அறுவை மருத்துவர் பலருக்கு இத்துறையில் இறங்கவே அச்சம். பின்னாளில் நோயாளி வருந்தினால் பழி யாரைச் சேரும்? இந்த அச்சத்துக்கு ஒரு காப்பு வேண்டியிருந்தது. 1979இல், ஹாரி பெஞ்சமின் என்னும் மருத்துவரின் பெயரால் அமைந்த பன்னாட்டுச் சங்கம் முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. மனநல வல்லுநரின் பரிந்துரை இன்றி அறுவை கூடாது என்னும் வழக்கம் அதனால் நிலைபெற்றது. அந்நெறிமுறைகளின் 7ஆம் பதிப்பு 2011இல் வந்தது. மார்பு அறுவைக்கு ஒரு கடிதம், பிறப்புறுப்பு அறுவைக்கு இரண்டு கடிதங்கள் என்று அது வகுத்தது. 2022இல் வந்த 8ஆம் பதிப்போ, கடிதம் தேவைப்படும் இடங்களில் எதற்கும் ஒன்றே போதும் என்று தளர்த்திவிட்டது.

இதற்கிடையில் உலக நல நிறுவனமும் தன் பட்டியலைத் திருத்தியது. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், இந்நிலை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு வேறு பகுதியில் வைக்கப்பட்டது. மனநோய் என்னும் பெயர் போயிற்று. மனநல மருத்துவரின் வாயிற்காவல் மட்டும் போகவில்லை.

நம் நாட்டின் நிலை யாது? ஒருவருடைய பாலினத்தை ஏற்க அறுவையை வற்புறுத்தலாகாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவையை வேண்டுவோர்க்கு அதனையும், அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையையும் கிடைக்கச் செய்யும் கடமையை, 2019இல் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அரசுகளுக்கு விதித்தது. சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரிதான் இடம் கொடுக்கவில்லை!

பூசாரியின் அச்சம்

பூசாரியை வைதுவிட்டுப் போவது எளிது. அவர் பக்கத்தையும் கேட்பதே முறை.

முதலாவது, சட்டத்தின் அச்சம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, ஆண்மை நீக்குவதைக் கொடுங்காயங்களுள் முதலாவதாக வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டமும் 116ஆம் பிரிவில் அவ்வாறே கூறுகிறது. நோயாளியின் இசைவுடன், அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்வதற்கு இரு சட்டங்களும் விலக்கு அளித்திருக்கின்றன. ஆனால் அச்சம், விலக்கை எங்கே படிக்கிறது? மேலும், மருத்துவத் தொண்டு நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. "கத்தியைத் தொடாத நான் ஏன் வழக்கு மன்றம் ஏறவேண்டும்?" என்று மனநல மருத்துவர் எண்ணுகிறார்.

இரண்டாவது, பயிற்சிக் குறைவு. திருநரைப் பற்றி இழிவான செய்திகளே மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றில் நெடுங்காலம் இருந்தன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்ட பிறகே, தேசிய மருத்துவ ஆணையம் அவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. ஒருவருடைய பாலின உணர்வை 'மாற்றிவிட' முயல்வது தொழில் ஒழுக்கக் கேடு என்றும் 2022இல் அறிவித்தது. அதற்கு முன் படித்து வெளிவந்த மருத்துவர்கள் இதனை யாரிடம் கற்றிருப்பர்?

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில் எடுத்துக்கொண்ட மாநிலங்களுள், லட்சம் மக்களுக்குக் கேரளத்தில் 1.2 மனநல மருத்துவர். மத்தியப் பிரதேசத்தில் 0.05. அதாவது இருபது லட்சம் பேருக்கு ஒருவர்! அவரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேச நம்மில் எத்தனை பேருக்கு முடியும்?

நான்காவதே உண்மையான அச்சம். "இவர் நாளை வருந்தினால்?" என்பது அது. 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 7,928 பேரைப் பற்றிய ஒரு தொகுப்பாய்வு 2021இல் வெளிவந்தது. வருந்தியவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் என்று அது கண்டது. அந்த ஆய்வுகள் ஒரே சீரானவை அல்ல. எல்லோரையும் நெடுங்காலம் பின்தொடர்ந்தவையும் அல்ல. ஆகவே எண்ணிக்கையை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. ஆயினும், பெரும்பாலோர் வருந்துவர் என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

கடிதம் எதைச் சொல்கிறது?

இந்த அச்சங்களுக்கெல்லாம் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கடிதம் எதிர்காலத்துக்கு ஈடு கொடுக்கும் பத்திரம் என்று பலர் கருதுகின்றனர். அஃது அன்று. அது நிகழ்காலத்தைப் பற்றிய சான்று. இவரை நான் இத்தனை முறை பார்த்தேன். இவருடைய பாலின உணர்வு நிலையானது. செய்யப்போவது என்ன, அதனால் மீளாமல் மாறுவது எது என்பதை அறிந்து இசைகிறார். வேறு மனத்துன்பம் இருந்தால் அதற்கும் கவனம் செலுத்தப்பட்டிருக்கிறது. கடிதம் சொல்ல வேண்டியது இவ்வளவே. "இவர் என்றும் மகிழ்ச்சியாக இருப்பார்" என்று எழுதும்படி எவரும் கேட்கவில்லை. அப்படி எழுத எவராலும் இயலாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இங்கே நினைக்கத் தக்கது. மனநலச் சிகிச்சையைப் பற்றியே அது பேசுகிறது என்றாலும், அதன் கருத்து அகன்றது. ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனாலேயே, முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்று கொள்ளலாகாது என்கிறது அப்பிரிவு.

அப்படியானால் மருத்துவர் மறுக்கவே கூடாதா? மறுக்கலாம். தமக்குப் பயிற்சி இல்லாத ஒன்றில் கையொப்பமிடாதிருப்பது நேர்மையே. ஒரே முறை பார்த்தவருக்கு உடனே எழுதித் தர மறுப்பதும் நியாயமே. பொய்ச் சான்று எழுதுவது மருத்துவருக்குக் குற்றமும் ஆகும். ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஏற்றுக்கொண்ட நோயாளியைப் புறக்கணிக்கலாகாது. போதிய முன்னறிவிப்பின்றி விலகலாகாது. எட்டு மாதம் பார்த்தபின், காரணமும் சொல்லாமல், வேறொருவரிடம் வழியும் காட்டாமல் கையை விரிப்பது மறுப்பன்று, கைவிடுதல். முதல் நாளிலேயே சொல்லியிருந்தால், அந்த எட்டு மாதம் வீணாகியிருக்காது.

நாம் செய்யக்கூடியவை

நண்பர்களே, நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் வாளா இருக்க வேண்டியவரும் அல்லோம்.

கடிதம் தேவைப்படும் நண்பர், முதற் சந்திப்பிலேயே "இத்தகைய கடிதம் எழுதுவீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கடிதத்தில் என்னென்ன வேண்டும், யார் கையொப்பமிடலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். கடிதம் மறுக்கப்பட்டாலும் தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது அதே 2002ஆம் ஆண்டு விதி. அக்குறிப்புகள் இருந்தால், அடுத்த மருத்துவரிடம் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தமிழராகிய நமக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மூன்றாம் மருத்துவர் இந்தியில் கேட்டார்; நண்பர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் விடை சொன்னார். மனத்தைத் திறந்து காட்ட வேண்டிய இடத்தில் மொழி தடுமாறினால், அது மனத்தின் தடுமாற்றமாகவே எண்ணப்பட்டுவிடும். அருகிலிருந்து மொழி பெயர்க்க ஒரு தோழர் வேண்டும். தமிழ் அறிந்த மருத்துவர் பெயர்களை நம் சங்கம் திரட்டி வைக்கவேண்டும். துணை போகிறவர், கேட்டதை வெளியில் சொல்லாதவராகவும் இருக்கவேண்டும். இது கட்டாயம்.

நண்பருக்கு இறுதியில் கடிதம் கிடைத்தது. நான்காவதாகப் பார்த்த மருத்துவர் தமிழ் அறிந்தவர். பழைய குறிப்புகளைப் படித்தார்; மூன்று முறை வரச்செய்து பேசினார்; ஒரு பக்க அளவில் எழுதித் தந்தார். நண்பர் அதை ஆடையகத்தில் நின்றே இருமுறை படித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "இதில் புதிதாக ஒன்றுமே இல்லையே, நான் முதல் நாள் சொன்னதுதானே?" என்றார்.

ஆம். முதல் நாள் அவர் சொன்னதுதான். அதைக் கேட்டு எழுத ஒருவர் கிடைக்க ஓராண்டு ஆயிற்று. அடுத்து வருபவருக்கு அந்த ஓராண்டில் ஒரு மாதத்தையேனும் நாம் குறைத்துக் கொடுப்போமாக!