சேக்குட்டி பொம்மை
கைத்தறிப் பருத்தித் துணி. 2018. சேந்தமங்கலம், எர்ணாகுளம் மாவட்டம், கேரளம்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் இந்த நெசவு ஊரின் தறிகளை மூழ்கடித்தது. ஓண விற்பனைக்காக நெய்து அடுக்கியிருந்த துணிகள் சேற்றில் ஊறின. இனி அவற்றை யார் வாங்குவார்கள்?

லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் இருவரும் அத்துணிகளுக்கு வழி கண்டனர். குளோரின் நீரில் அலசி, கொதிக்கவைத்து, துண்டுகளாக வெட்டி, முடிச்சிட்டுப் பொம்மையாக்கினர். ஒன்றின் விலை அப்போது 25 ரூபாய். சுமார் 1,300 ரூபாய் மதிப்புள்ள ஒரு சேலையில் 360 பொம்மைகள் செய்ய முடிந்தது. அத்தனையும் விற்றால் 9,000 ரூபாய். பல ஊர்களில் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து செய்தார்கள்.

துணியில் தெரியும் கறை வெள்ளம் விட்டுச் சென்றது. அதை யாரும் மறைக்கவில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. நெசவாளர்களுக்குக் கிடைத்தது நன்கொடை அல்ல, அவர்கள் நெய்த துணிக்கான விலை. அந்தப் பணம் தறிகளை மீட்க உதவியது.