கொட்டை நூற்றல்

பஞ்சைத் திரித்து நூலாக்கும் வேலையைக் ‘கொட்டை நூற்றல்’ என்று சொல்லும் பழைய வழக்கு ஒன்று தமிழில் உண்டு. பருத்திக் கொட்டை என்றாலே மாட்டுக்கு ஆட்டி ஊற்றும் விதைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த வழக்கில் கொட்டை என்பது, விதை நீக்கிய பஞ்சை நூற்பதற்கு வாகாக உருட்டி வைத்த சுருள்.

பஞ்சு கொட்டுவதிலிருந்து கொட்டை வந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் தாமரைப் பூவின் நடுவிலுள்ள பொகுட்டும் கொட்டைதான். துணியின் ஓரத்து நூல்களைத் திரட்டிப் போடும் முடிச்சும் கொட்டைதான். கரிகாலன் பொருநனுக்குக் கொடுத்த பட்டாடையின் கரையில் இந்த முடிச்சு இருந்ததைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. உருண்டு திரண்டது என்ற பொருளே எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

பறித்த பருத்தியை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து விதையைப் பிரிப்பார்கள். பிறகு வில்லின் நாணைப் பஞ்சுக்குள் அதிரவிட்டால் சிக்கு விட்டுப் பொங்கி எழும். அதைக் குச்சியில் சுற்றி உருட்டிக் குச்சியை உருவினால் கொட்டை தயார். கதர் நூற்பவர்கள் இதைப் பட்டை என்பார்கள்.

ராட்டையில் நூலை உண்டாக்குவது கதிர் என்னும் கூர்முனைக் கம்பி. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை சுருளைப் பிடித்தபடி பின்னால் நகரும். இழை ஏறக்குறைய கதிரின் போக்கிலேயே நீண்டிருந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் முனையிலிருந்து நழுவிவிடும். நழுவும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு போதுமென்று கைக்குத் தெரிந்ததும், சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, இழையைக் கதிருக்குக் குறுக்காகக் கொண்டுவந்து மீண்டும் முன்னுக்குச் சுற்றுவார்கள். இப்போது இழை நழுவாமல் கதிரிலேயே சுற்றிக்கொள்ளும். முறுக்கவும் சுற்றவும் ஒரே கம்பி போதுமாக இருப்பது வியக்கத்தக்க நுட்பம்.

இந்த வேலை நெடுங்காலம் பெண்கள் கையில் இருந்தது. புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என்று நூற்பவளைக் குறிக்கிறது; ஆண்துணை இல்லாத பெண்கள் நூற்ற மெல்லிய நூலை நற்றிணை பேசுகிறது. ஆலைகளில் பஞ்சு அறுபடாமல் கயிறாகவே எந்திரத்துக்குள் போவதால் கைச்சுருளுக்கு இடமில்லை. கதிர் மட்டும் பெயரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. நூற்பாலை எவ்வளவு பெரியது என்பதை இன்றும் கதிர்களின் எண்ணிக்கையால்தான் சொல்கிறார்கள்.