இடுப்பில் துப்பாக்கி... போடிமெட்டு தாண்டினால் வில்லங்கம்! ஏலக்காய் வியாபாரிகள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

போடி:

ஏலக்காய் விலை ஏறும்போதெல்லாம் போடி பஜாரில் ஒரு பேச்சும் கூடவே கிளம்பும். "ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டா என்ன?" என்பதுதான் அது.

பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் ரூ.7 ஆயிரத்தைத் தொட்டது. அந்த விலைக்கு 50 கிலோ மூடை ஒன்றின் மதிப்பு ரூ.3½ லட்சம். சரக்கு ஏற்றிய ஜீப், சம்பளப் பணம் எடுத்துப் போகும் கணக்குப்பிள்ளை, ஒத்தையாக நிற்கும் எஸ்டேட் பங்களா என்று பயப்படுவதற்கு இடம் நிறைய.

ஆனால் துப்பாக்கி வாங்குவது செல்போன் வாங்குவது போல இல்லை. எந்த கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் கடைசிக் கேள்வி. லைசென்சு கிடைக்குமா, அது எதுவரை செல்லும், எப்படி எடுத்துப் போகணும் என்பதுதான் முதல் கேள்வி. இதில் சறுக்கினால் திருடனுக்கு முன்னால் துப்பாக்கிக்காரர்தான் போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டி வரும்.

உரிமை இல்லை, அனுமதிதான்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. நம்ம ஊரில் அப்படி இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு கொடுக்கும் அனுமதி மட்டுமே. கொடுத்த அனுமதியை பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி திரும்ப வாங்கவும் முடியும்.

தேனி மாவட்டத்தில் குடியிருப்பவர்கள் கலெக்டரிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதற்கான டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவை தேவை.

மனு வந்ததும் போலீஸ் விசாரணை நடக்கும். வழக்கு ஏதும் உண்டா, அக்கம்பக்கத்தில் பெயர் எப்படி, உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருக்கா என்று பார்ப்பார்கள். "எங்கிட்ட 20 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கு" என்று சொன்னால் மட்டும் போதாது. மிரட்டல் வந்திருந்தால் அதற்கான புகார், வழிப்பறி நடந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை, பணம் எடுத்துப் போகும் தொழில் என்றால் அதற்கான ஆவணம் இவைதான் பேசும். அதேநேரம் சொத்து போதாது என்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு லைசென்சு மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மறுக்கப்பட்டால் அப்பீல் செய்ய வழி உண்டு.

முன்பு லைசென்சு 3 ஆண்டு செல்லும். 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு. அதே திருத்தத்தில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கை 3-ல் இருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி பரம்பரையாக வந்தாலும் இந்தக் கணக்கில் சேரும்.

எல்லைக்கோடு எங்கே?

போடிக்காரர்கள் பலரும் சறுக்கக்கூடிய இடம் இதுதான். வீடு போடியில். தோட்டம் சாந்தன்பாறையிலோ, நெடுங்கண்டத்திலோ, வண்டன்மேட்டிலோ. காலையில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போய்விட்டால் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கேரளா, இடுக்கி மாவட்டம்.

துப்பாக்கி லைசென்சில் அது எந்தப் பகுதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். மாவட்டத்துக்குள் மட்டும் இருக்கலாம், மாநிலம் முழுவதும் இருக்கலாம், இந்தியா முழுவதும் இருக்கலாம். "தமிழ்நாடு" என்று மட்டும் இருந்தால் போடிமெட்டு தாண்டிய நிமிஷமே அந்த லைசென்சு செல்லாது. கையில் புத்தகம் இருக்கே என்று வாதாடிப் பிரயோஜனம் இல்லை. வழக்கு பாயும், லைசென்சும் பறிபோகும். கம்பம்மெட்டு, குமுளி வழியாகப் போனாலும் இதே கதைதான்.

எனவே விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பகுதியில் ஆயுதம் எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு யோசித்து எழுத வேண்டும். தோட்டம் கேரளாவில் இருப்பதற்கான பட்டா, குத்தகைப் பத்திரம் போன்றவற்றை இணைப்பது நல்லது. பழைய லைசென்சு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு எல்லையும் உண்டு. அது காடு. வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும், தேசியப் பூங்காவுக்குள்ளும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் பக்கம் மேகமலை, அந்தப் பக்கம் மதிகெட்டான்சோலை என்று மலையில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

"யானை வந்தா சுடலாம்ல?" என்று கேட்பவர்களும் உண்டு. 2023-ம் ஆண்டு கம்பம் டவுனுக்குள் புகுந்த அரிசிக்கொம்பனை மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத்தான் பிடித்தார்கள். கைத்துப்பாக்கி குண்டு யானையை நிறுத்தாது, வெறிதான் ஏற்றும். அதோடு யானை என்பது சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் உள்ள விலங்கு.

என்ன துப்பாக்கி கிடைக்கும்?

சினிமாவில் ஹீரோ சுழற்றும் 9 எம்.எம். பிஸ்டல், .45 பிஸ்டல் எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பொதுமக்கள் தற்காப்புக்காக இறக்குமதி செய்வதும் 1980-களின் மத்தியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே சாதாரண ஆள் வாங்குவது பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பாயிண்ட் 32 ரகம்தான்.

பழைய .32 ரிவால்வர் 6 தோட்டா பிடிக்கும். 2014-ல் கான்பூரில் இருந்து வந்த 'நிர்பீக்' 500 கிராம் எடைதான். பெண்களை மனதில் வைத்துக் கொண்டுவரப்பட்ட அதன் அப்போதைய விலை ரூ.1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வர் 675 கிராம். இதில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும், அதனால் தோட்டா போடுவது சுலபம். 'நிடர்' என்ற .22 ரிவால்வர் வெறும் 250 கிராம். ஆனால் குண்டின் வேகமும் வலுவும் குறைவு. பிஸ்டல் விரும்புபவர்களுக்கு 'அசானி' என்ற .32 ரகம் உண்டு.

ரிவால்வரா, பிஸ்டலா? அடிக்கடி பயிற்சி செய்ய முடியாதவருக்கு ரிவால்வர்தான் தோது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். எத்தனை தோட்டா உள்ளே இருக்கு என்று உருளையைத் திறந்தாலே தெரிந்துவிடும். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் துருத்தாது. ஆனால் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா நிற்கலாம். "காலித் துப்பாக்கிதானே" என்று நினைத்து விசையைத் தட்டும் விபத்து இப்படித்தான் நடக்கிறது.

கடையில் எடுத்ததும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடி உள்ளங்கையில் உட்காரணும், விரல் விசையை எட்டணும். எடை குறைந்தால் சுமப்பது சுகம், சுடும்போது உதைப்பு கூடும்.

உறை இல்லாமல் எடுக்காதீங்க

2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையிலோ, பையிலோ வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். அது முழுசாக மூடியிருக்க வேண்டும். எடுத்துப் போகிறவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். அடுத்தவர் பார்க்கிற மாதிரி ஆட்டிக் காட்டக் கூடாது.

நல்ல உறைக்கு 3 அடையாளம். விசைப் பகுதியை முழுசாக மூடணும். குனிந்தாலும், ஜீப் குலுங்கினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. பெல்ட்டில் ஆடாமல் நிற்கணும்.

வேட்டி கட்டுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வேட்டி மடிப்பில் சொருகுவது ஆபத்தான வேலை. பச்சை பெல்ட்டின் பணப்பையில் போடுவதும் அதே ஆபத்துதான். சாவியோ, சில்லறையோ விசையில் மாட்டினால் குண்டு தொடையில் பாயும். அகலமான கெட்டி பெல்ட்டில் உறையை மாட்டி, மேலே சட்டையைத் தொங்க விடுவதே சரி.

மலையில் மழைக்காலம் நீளம். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், உள்ளே இருக்கும் துப்பாக்கி துருப்பிடிக்கும். கெட்டி பிளாஸ்டிக் உறைக்கு அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் ராத்திரி துப்பாக்கியை உறையில் இருந்து எடுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி வைக்க வேண்டும். ஜீப் டேஷ்போர்டில் விட்டுப்போவது, டிரைவரிடம் கொடுத்து வைப்பது இரண்டும் கூடாது. காணாமல் போனால் உடனே போலீசில் சொல்லிவிட வேண்டும்.

எப்போது சுடலாம்?

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருக்கணும். ஏலக்காய் மூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்கு ஆகும்.

கல்யாண வீட்டில், திருவிழாவில் குஷிக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சே இல்லாமல் நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயிலும் அபராதமும். தோட்டக் காவலுக்குத்தான் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது.

தேர்தல் அறிவித்தால் லைசென்சு துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்ததும் ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். லைசென்சுதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வாரிசுக்குத் தானாகப் போய்விடாது. வீட்டார் அதை ஸ்டேஷனிலோ, லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு வாரிசு பெயரில் மனு போட வேண்டும்.

செலவில்லாத பாதுகாப்பு

சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுவது, சரக்கைப் பகலில் இறக்குவது, தினமும் ஒரே நேரம் ஒரே ரோடு என்று போகாமல் மாற்றுவது, ஜீப்பில் ஆள் துணையோடு போவது, எவ்வளவு பணம் எடுக்கிறோம் என்று டீக்கடையில் பேசாமல் இருப்பது. இந்த ஐந்துக்கும் லைசென்சு வேண்டாம், செக்போஸ்ட்டிலும் யாரும் மறிக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலில் லோக்கல் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாளைக்குக் கலெக்டரிடம் லைசென்சு கேட்கும்போது முதல் ஆதாரமாக நிற்கப்போவது அந்தக் காகிதம்தான்.