செய்திக் களஞ்சியத்தைத் திறக்கும் சாவி: ஏபிஐ பயன்படுத்தத் தொடங்குவது எப்படி?

ஹட்டன், நுவரெலியா தோட்டத் தொழிலாளர்களின் சம்பளப் போராட்டம் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் கடந்த இருபது வருடங்களில் என்ன எழுதின? இதை ஆராய விரும்பும் ஒரு மாணவி கூகுளில் தேடினால், சில பக்கங்களிலேயே களைத்துப் போவார். பழைய செய்திகள் பின்னுக்குப் போயிருக்கும், திகதி ஒழுங்கும் இருக்காது. இந்த வேலையை முறையாகச் செய்ய உதவுவதுதான் செய்தி ஏபிஐ.

நூலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழைய பத்திரிகையைப் பெறுவது போன்றதே இது. என்ன சொல், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று நமது கணினி கேட்கும். பத்திரிகையின் கணினி அதற்குரிய கட்டுரைகளை எடுத்துத் தரும்.

பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை இந்த வசதியை 2009 மார்ச்சில் திறந்தது. 1999 முதலான கட்டுரைகளை இதில் தேடலாம். வர்த்தக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

முதற்படி, சாவி பெறுவது. கார்டியனின் 'ஓபன் பிளாட்ஃபார்ம்' பக்கத்தில் படிவத்தை நிரப்பினால் மின்னஞ்சலில் ஒரு சாவி வரும். அது எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு தொடர். கடவுச்சொல்லைப் போல அதைப் பாதுகாக்க வேண்டும். கிட்ஹப் போன்ற பொதுவெளிகளில் நிரலோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, கேட்பது. இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏபிஐயின் முகவரியோடு தேடற்சொல், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, சாவி ஆகியவற்றைச் சேர்த்து உலாவியில் இட்டாலே பதில் வரும். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்த மண்சரிவை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டு, அன்று முதல் ஒரு மாத காலத்தைக் குறித்து, பழையது முதலில் வரும்படி கேட்கலாம். முதல் நாட்களில் சொல்லப்பட்ட காணாமற்போனோர் தொகை பின்னர் பெருமளவு குறைந்தது. செய்திகளைத் திகதி வரிசையில் வாசித்தால்தான் இப்படியான மாற்றங்கள் பிடிபடும்.

மூன்றாவது, பதிலை வாசிப்பது. தலைப்பு, திகதி, பகுதி, இணைப்பு ஆகியவை 'ஜேசன்' எனும் வடிவில் வரும். எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்காவிட்டால் ஒரு தடவைக்குப் பத்துக் கட்டுரைகளே வரும். மீதியைப் பக்க எண் மாற்றிக் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கில் திரட்ட வேண்டுமென்றால் பைதான் மொழியில் சில வரிகள் போதும். முழுக் கட்டுரைகளைச் சேமிக்கவும் மீள வெளியிடவும் நிபந்தனைகள் உள்ளன. ஆய்வுக்குத் தலைப்பு, திகதி, இணைப்பு மூன்றையும் அட்டவணையாக்குவதே வசதி.

ஆனால், எந்தச் சொல்லைத் தேடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்', செய்திகளில் 'தோட்டத் தொழிலாளர்', நாமே சொல்லும் பெயர் 'மலையகத் தமிழர்'. ஒரு சொல்லை மட்டும் தேடினால் நமது வரலாற்றின் ஒரு துண்டு மட்டுமே கிடைக்கும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் இறுதி யுத்தத்திலும் அகப்பட்டார்கள். 'தோட்டம்' என்று தேடினால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஏபிஐ எழுதப்பட்டதை மட்டுமே தரும். கார்டியன் தன் களஞ்சியத்தைத் திறந்த அதே 2009 மார்ச்சில், வன்னிப் போர்க்களத்துக்குள் சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை தமிழ்த் தளங்களின் பதிவுகள். வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2016 டிசம்பர் முதல் உள்ளடக்கத்துக்கான ஏபிஐ கூடவே வருகிறது. அதில் இயங்கும் ஒரு தமிழ்த் தளத்தின் நிர்வாகி அதை மூடிவைக்காமல், கட்டுரைகளுக்கு ஊர், தோட்டம், திகதி என்று ஒழுங்காகக் குறிச்சொல் இட்டாலே போதும். நாளை ஒரு பிள்ளை தன் தோட்டத்தின் பெயரைத் தமிழிலேயே தேடி, நம்மவர்கள் எழுதியதைக் கண்டெடுக்க முடியும்.