காப்பாட்சியரும் பேணுநரும்: செப்புத் திருமேனிகளை முன்வைத்து

'காப்பாட்சியர்' என்னும் சொல்லில் 'காப்பு' நிற்பினும், அருங்காட்சியகப் பொருளின் உடலைக் காப்பவர் பேணுநரே ஆவார். சென்னை அரசு அருங்காட்சியகச் செப்புத் திருமேனிகள் இவ்வேறுபாட்டிற்குச் சான்றாகின்றன. 1932இல் எஃப்.எச். கிரேவ்லியும் டி.என். இராமச்சந்திரனும் வெளியிட்ட விளக்க அட்டவணை அத்திருமேனிகளின் வகை, உருவ அமைதி, காலம் ஆகியவற்றை ஆராய்கின்றது. இது காப்பாட்சியர் பணியின்பாற்படும். 1930களில் அங்கு வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் மேற்கொண்டது பேணுநர் பணியாகும். புதையுண்ட காலத்தில் மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, ஈரப்பதத்தோடு கூடி உலோகத்தை அரிக்கும் 'வெண்கல நோயை' அவர் மின்னாற்பகுப்பு முறையால் நீக்கினார்.

களிம்பை நீக்குங்கால் அதில் ஒட்டிய மண், துணி முதலிய வரலாற்றுச் சான்றுகளும் நீங்கக்கூடும். நீக்காதுவிடின் திருமேனியே சிதையும். எனவே, எதனை நீக்குவது என்பதை இருவரும் இணைந்து துணிதலும், நீக்குமுன் அனைத்தையும் பதிவுசெய்தலும் இன்றியமையாதன.