உங்களுக்குத் தெரியுமா? டெல்லியில் மழை, குல்மார்க்கில் பனிச்சரிவு

✦ ஜனவரியில் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் மாடியில் காயப்போட்ட துணியை நனைத்துவிட்டுப் போகிறதே ஒரு மழை, அது மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வருவது. லோதி சாலை மௌசம் பவனின் வானிலைத் துறைக்காரர்கள் இதை 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். இங்கே மழை, காஷ்மீர் மலைகளில் அதுவே பனி.

✦ 2023 ஜனவரி 29: விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சி மழையில் நடந்தது. மறுநாள் ஸ்ரீநகரில் ராகுல் காந்தியின் யாத்திரை கொட்டும் பனியில் முடிந்தது. பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அஃபர்வத் மலையில் பனிச்சரிவு. பனிச்சறுக்குப் போன போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். வெளிநாட்டினர் 19 பேரும் உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று அதே குல்மார்க்கில் இன்னொரு சரிவு; ரஷ்யர் ஒருவர் பலி. அதற்கு முந்தைய நாட்களிலும் பலத்த பனிப்பொழிவுதான்.

✦ பனி கொட்டும்போது பெரும்பாலோர் மலையேறுவதில்லை. ஓய்ந்து, வெயில் பளிச்சென்று அடிக்கும் முதல் ஓரிரு நாட்களில்தான் பலர் ஆபத்தில் சிக்குகிறார்கள். புதுப்பனி கீழுள்ள பனியோடு இன்னும் பிடிப்புக் கொண்டிருக்காது. வானம் தெளிந்த பிறகும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் ஏற்றிக்கொண்டே இருக்கும். அடியில் ரவை போல ஒட்டாத பழைய பனி ஓர் அடுக்கு இருந்துவிட்டால், மேலே ஓர் ஆள் எடையே போதும். விரிசல் பெரும்பாலும் அவருக்கு மேலே விழும். அவர் நகரும் பாளத்தின் நடுவில் நிற்பார்.

✦ சினிமாவில் கதாநாயகன் கத்தினால் பனி சரிகிறது. நிஜத்தில் மனிதக் குரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போய் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைப் புதைத்த சரிவைக் கிளப்பியது அவரோ, அவரோடு போனவரோதான்.

✦ குழந்தைகள் சறுக்குவண்டியில் விளையாடும் குல்மார்க் சமவெளிக்குப் பயமில்லை. 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகள்தான் எமன். கொண்டோலா ரோப் காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பாதுகாப்பான சறுக்குப் பகுதியின் எல்லையைத் தாண்டுவது வெகு சுலபம், அதுதான் சிக்கல்.

✦ அமெரிக்கா, கனடாவில் ஸ்னோமொபைல்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: செங்குத்துச் சரிவில் யார் அதிக உயரம் ஏறித் திரும்புவது? மேலே ஒருவர் சிக்கிக்கொண்டால், உதவப் போகிறேன் என்று இன்னொருவரும் வண்டியோடு ஏறுவார். பாரம் இரட்டிப்பு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

✦ புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். கொல்வது குளிரைவிட அதிகமாக மூச்சுத்திணறல். போலீசும் ராணுவமும் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். கூட வந்தவர்களே 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கருவியால் இடம் கண்டு, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும்.

✦ விதிவிலக்கும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் பனிச்சுவர் சரிந்து புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா மட்டும் சுமார் 25 அடி ஆழத்திலிருந்து ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டார். டெல்லி ராணுவ மருத்துவமனையில் 11-ஆம் தேதி இறந்தார்.

✦ இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கை தருவது பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம். மணாலியின் பனி ஆய்வு நிலையத்தையும் டெல்லியின் நில ஆய்வுக் கூடத்தையும் இணைத்து 2020-இல் உருவானது. பனிச்சரிவு ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். ஐந்து என்றால் அநேகமாக யாரும் மலைக்குக் கிளம்புவதில்லை. பல நாடுகளில் அதிகம் பேர் இறப்பது மூன்றாம் எண் நாளில்.