ஜவ்வாது மலையின் அபிவிருத்தியும் கிராம சபையின் கடமையும்



பாவு எவ்வளவு செம்மையாக ஓட்டப்பட்டிருந்தாலும் ஊடை சேராவிட்டால் துணியாகாது என்பதை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிராம அபிவிருத்தியும் அத்தகையதே. அரசாங்கம் வகுக்கும் திட்டமும் ஒதுக்கும் பணமும் பாவு போன்றவை. தங்களுக்கு வேண்டியது இன்னதென்று கூடிப் பேசித் தீர்மானித்து, வேலை நடக்கும்போது மேற்பார்த்து, முடிந்த பின் கணக்குக் கேட்கும் மக்களின் ஊக்கம் ஊடை போன்றது. இவ்வுண்மைக்கு நம் அருகிலேயே இருக்கும் எடுத்துக்காட்டு ஜவ்வாது மலை.

மலைவாசிகளின் நிலைமை சமவெளியில் வாழும் நமக்கு எதற்கு என்று எவரும் எண்ணிவிடலாகாது. செய்யாறு அம்மலையில் பிறந்து நம் வயல்களுக்கு வருகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் பக்கமாக ஓடும் கமண்டல நாக நதியும் அம்மலையிலிருந்தே இறங்குகிறது. மேலே காடு அழிந்தால் கீழே கிணறு வற்றும். ஆகையால் மலையின் நலம் நம் நலமேயாகும்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி, ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியமாகும். அதில் 11 ஊராட்சிகள் உள்ளன. திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று பழைய நாட்டுப் பிரிவின் பெயரே இன்றும் வழங்குகிறது. மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பதே இப்பெயரின் பொருள். கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு.

ஓர் ஊராட்சி என்றால் ஒரே ஊர் என்று கொள்ளலாகாது. பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்கள் சேர்ந்ததே மலை ஊராட்சி. ஒரு சிற்றூருக்கு வந்த வசதி அடுத்த சிற்றூருக்கு எட்டாமற்போவது இதனாலேயே.

மன்றம் கலையும், சபை கலையாது

1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் பஞ்சாயத்து யூனியன்களைத் தோற்றுவித்தது. 1992-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தமும், 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தபின் கிராம சபைக்குச் சட்டபூர்வமான இடம் உறுதியாயிற்று. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. திருவண்ணாமலை அவற்றுள் ஒன்று. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிவடைந்தது. அதன் பின்னர் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது.

இங்கே ஒன்றை நாம் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மன்றத்திற்குத்தான் பதவிக்காலம் உண்டு, சபைக்கு இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவதற்கென்று வகுக்கப்பட்டவை. தலைவர் இருந்தாலும், அவரிடத்தில் அலுவலர் இருந்தாலும், சபையில் எழுந்து கேட்கும் உரிமை நமக்கு எக்காலத்தும் உண்டு.

வழி

மலையில் முதல் தேவை வழி. 2023 மே மாத இறுதியில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையிலுள்ள ஒரு சிற்றூரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. சாலையில்லாமையால் உரிய காலத்தில் மருத்துவமனை சேர இயலாமல் குழந்தை உயிர் நீத்தது. அச்சிறு உடலைக் கொண்டு திரும்பிய வாகனமும் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் அதைக் கையில் ஏந்தி மலையேறி நடந்தாள். நாடெங்கும் இச்செய்தி பரவிய பிறகே அவ்வழிக்குச் சாலையமைக்கும் முயற்சி விரைவு பெற்றது.

சாலை ஏன் தாமதமாகிறது? நிலம் வனத்துறையைச் சேர்ந்தது. காட்டைத் திருத்திச் சாலை போட அனுமதி வேண்டும். இதற்கு ஒரு நேர்வழியை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டுகிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், குளம், சாலை, சமுதாயக் கூடம் முதலிய 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்க அச்சட்டம் இடம் தருகிறது. மூன்று நிபந்தனைகள் உண்டு: ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது, கிராம சபை பரிந்துரை செய்திருக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 3.75 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு இந்நிலம் ஏறத்தாழ 2,650 மீட்டர் நீளத்திற்குப் போதும். அதாவது, ஒரு சிற்றூரை அருகிலுள்ள பெரிய சாலையோடு இணைக்கும் இரண்டரைக் கிலோமீட்டர் வழிக்கு இச்சட்டமே போதுமானது. அதற்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்கு 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும்; அதற்குக் காலம் செல்லும். எனவே சபையார் சாலை வேண்டும் என்று பொதுவாக எழுதிவிடாமல், எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எத்தனை மரங்கள் என்று அளந்து தீர்மானத்தில் குறிப்பிடுதல் நலம். அளவில்லாத தீர்மானம் கோப்பிலே உறங்கும்.

வீடு

மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் மலைக் குளிருக்கு இதமானவையே. ஆனால் அடை மழையிலும் தீயிலும் அவை நில்லா. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் உதவி அளிக்கப்படுகிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. 2016-இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் உதவித்தொகை சமவெளிக்கு 1.20 இலட்சம் என்றும், மலை மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1.30 இலட்சம் என்றும் நிர்ணயிக்கப்பட்டது.

இரண்டு இடையூறுகளை இங்கே கவனிக்க வேண்டும். முதலாவது, நிலத்துக்கு ஆவணம். பல தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவருக்கு வீட்டுத் திட்டம் எட்டாது. வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடியினர், அனுபவத்திலுள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரையில் உரிமை பெறலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் அவ்வுரிமை பதிவாகும்; பிள்ளைகளுக்குச் சேரும்; விற்க முடியாது. தமிழ்நாட்டில் 2008-இல் பிறந்த ஒரு நீதிமன்ற இடைக்கால ஆணையினால் இவ்வுரிமை வழங்குவது பல்லாண்டு தடைப்பட்டிருந்தது; 2016-இல் உச்ச நீதிமன்றத்தால் அத்தடை நீங்கியது. மனுவை முதலில் பெற்றுச் சரிபார்ப்பது கிராம சபையின் பொறுப்பு.

இரண்டாவது, சுமைகூலி. சிமெண்டும் கம்பியும் மலையடிவாரத்தில் ஒரு விலை என்றால் மேலே ஏறியபின் வேறு விலை. பத்துக் குடும்பங்கள் தனித்தனியே வண்டி பேசினால் பத்து மடங்கு செலவு. ஒரே பருவத்தில் வீடு கட்டுவோர் தங்கள் சங்கத்தின் மூலம் ஒன்றாகச் சாமான் வாங்கி ஒன்றாக ஏற்றினால் அச்செலவு குறையும். நூலைச் சங்கத்தின் வழியே மொத்தமாக வாங்கிப் பழகிய நெசவாளருக்கு இது புதிதன்று.

பழமை

வளர்ச்சி என்றவுடன் பழையன கழியட்டும் என்று சிலர் கூறுவர். ஜவ்வாது மலையில் பழையவற்றுக்கே பெருமதிப்பு உண்டு. பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் அங்கே உள்ளன. மலையடிவாரத்துச் செங்கம் பகுதியின் நடுகற்களைத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1972-இல் நூலாக வெளியிட்ட பின்னரே தமிழ் எழுத்தின் வரலாற்றில் அவற்றின் இடம் பலருக்கும் தெரியவந்தது. சங்க நூலாகிய மலைபடுகடாம் பாடும் நன்னனின் நாடும் இச்செங்கம் பகுதியே. அந்நூலில் சேயாறும் இடம் பெறுகிறது.

2025 நவம்பரில், மலைமேலுள்ள கோவிலூரில் சோழர் காலத்துச் சிவன் கோயில் திருப்பணியின்போது ஒரு மண்கலத்தில் 103 பொற்காசுகள் கிடைத்தன. இவ்வாறு கிடைப்பவற்றை மறைத்தல் குற்றம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதுவாயினும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காசுக்கு மட்டுமே காவல் வேண்டும் என்பதில்லை. வீட்டு அஸ்திவாரத்துக்குப் பெயர்க்கப்படும் ஒரு கல்திட்டையும் திரும்ப வாராத செல்வமே.

இன்னொரு செல்வமும் உண்டு, அது இருள். காவலூரில் 1960-களின் பிற்பகுதியில் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவியதற்கு அங்குள்ள தெளிந்த, இருண்ட வானமே காரணம். 2.3 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல் அங்கே திறந்து வைக்கப்பட்டது. நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தெருவிளக்கு மக்களுக்கு அவசியம். ஆனால் ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் தரையில் விழுமாறு மூடி பொருத்திய விளக்குகளையே மலை ஊராட்சிகள் வாங்கினால், பாதைக்கும் வெளிச்சம் கிடைக்கும், வானமும் கெடாது.

வருவாய்

வழியும் வீடும் அமைந்தும் மலையில் பிழைப்பு இல்லையென்றால் அவ்வீட்டில் குடியிருப்பவர் யார்? 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர் சுடப்பட்டு இறந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்தினர் பலர் அவர்களுள் இருந்தனர். அன்று நடந்ததன் நியாயத்தைத் தீர்ப்பது வேறிடம். பிழைப்புத் தேடி மலையைவிட்டு இறங்கும் நிலைமையை மாற்றுவது நம்மிடம் உள்ளது.

மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. புளி, தேன், பலா, சீதா, நெல்லி முதலியன கிடைக்கின்றன. ஒரு காலத்தில் சந்தனத்துக்கும் பெயர் பெற்ற மலை இது. திருட்டு வெட்டினால் அச்செல்வம் குன்றியது. சாமையின் குறை அதன் உமி. சிறு தானியமாகையால் உமி நீக்குதல் கடினம். உரலும் உலக்கையும் பெண்களின் உடலை வருத்தும். எனவே உமியோடு குறைந்த விலைக்கு விற்று, பிறகு கடையில் அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கும் விந்தை நிகழ்கிறது. புளியோ, பூக்கும் முன்பே முன்பணம் வாங்கிய வியாபாரிக்கு உரியதாகிவிடுகிறது. நூலையும் முன்பணத்தையும் ஒருவரிடமே பெற்றுத் துணியையும் அவரிடமே ஒப்புவித்த பழைய நெசவாளரின் நிலை இதுவே. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது அந்நிலையை மாற்றவே அல்லவா?

மலைவாசிகளுக்கு இதே மருந்தை அளிப்பதற்காக, 1971-இல் மத்திய அரசு அமைத்த பாவா குழுவின் யோசனைப்படி, கடன், நுகர்பொருள், விற்பனை மூன்றையும் ஓரிடத்தில் நடத்தும் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அண்மைக் காலத்தில் மலை உழவரே பங்குதாரராக உள்ள உற்பத்தியாளர் நிறுவனமும் ஜவ்வாது மலையில் சாமையையும் தேனையும் பக்குவப்படுத்தி விற்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் நகரங்களில் சாமைக்குக் கிராக்கியும் கூடியது. வன உரிமைச் சட்டம் தேன், புளி போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை மக்களுக்கே உரியதாக்குகிறது. உமி நீக்கும் இயந்திரம் மலையிலேயே, சரியான தராசு ஊரிலேயே, முன்பணம் சங்கத்திலேயே என்னும் மூன்றும் கூடினால், உமி நீக்கிய கூலியும் வியாபாரியின் லாபமும் மலையிலேயே தங்கும்.

சபைக்குப் போகுமுன்

மலையிலுள்ள அங்கத்தினரும் சமவெளி அங்கத்தினரும் அடுத்த கிராம சபைக்குச் செல்லுமுன் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்வாராக:

1. நம் ஊராட்சியில் வழியில்லாத சிற்றூர்கள் எவை? அவற்றின் தூரம் அளக்கப்பட்டதா?
2. வீட்டுத் திட்டப் பட்டியலில் நிலச் சான்று இல்லாமல் விடுபட்டவர் யார்?
3. வன உரிமை மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை தீர்ந்தன, தள்ளப்பட்டவற்றுக்குக் காரணம் எழுத்தில் தரப்பட்டதா?
4. பழங்கற்களும் கோயில்களும் ஊராட்சிப் பதிவேட்டில் உள்ளனவா?
5. விளைபொருளை எடைபோடவும் உமி நீக்கவும் பொது இடம் ஒதுக்கப்பட்டதா?

போதிய பேர் வாராவிட்டால் கூட்டம் செல்லாது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை உள்ளதில் 100 பேரும் வந்தாக வேண்டும். கூலி போகிறதே என்று ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டால், ஓர் ஆண்டின் வழியும் வீடும் கைநழுவக் கூடும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் நம் கையில் இருக்கிறது, பிடிப்போமாக.